சீராளனை என்ன செய்வது?



சித்திரை இதழில் திருச்செங்காட்டங்குடி அமுது படையல் விழாவைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தோம். படங்கள் அமர்க்களமாக வந்திருந்தன. அதைப் பற்றித்தான் எழுதுவீர்கள் என்று நினைத்தோம். ஒருவர்கூடப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் பிடித்துக்கொண்டது கட்டுரையின் நடுவே மூன்று வரியில் வந்துபோன கதையை. “பெற்ற பிள்ளையை அறுத்துச் சமைத்ததைப் பக்தி என்று எப்படிக் கூசாமல் அச்சடிக்கிறீர்கள்?” என்று ஒருவர். “மூன்று வரியில் முடித்துவிட்டீர்களே, சேக்கிழார் பாடியதை விரித்துச் சொல்ல வெட்கமா?” என்று இன்னொருவர். இரண்டும் ஒரே நாள் தபாலில் வந்தவை.

இந்தச் சண்டைக்கு நடுவில் கோவையிலிருந்து ஒரு தாயின் கடிதம். மகனுக்கு ஐந்து வயது. இரவில் தினம் ஒரு நாயன்மார் கதை சொல்கிறார். கண்ணப்பர் கதையைப் பையன் திரும்பத் திரும்பக் கேட்கிறானாம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தது அவனுக்கு ஒரே வேடிக்கை. சிறுத்தொண்டரை எடுத்தவர், துறவி வந்து ஆத்தி மரத்தடியில் உட்கார்ந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். பையன் “அப்புறம்?” என்று கேட்க, “சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார், நீ தூங்கு” என்று விளக்கை அணைத்தாராம். “நாங்கள் பரம்பரைச் சைவர்கள். திருநீறு பூசாமல் நான் சமையலறைக்குள் போவதில்லை. இந்தக் கதையை நான் என்ன செய்வது, ஐயா?” இவ்வளவுதான் கடிதம்.

இந்த மாதப் பக்கத்தை அவருக்கான பதிலாகத் தொடங்கினேன். எழுத எழுத, பதில் அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குப் பரஞ்சோதி புதியவர் அல்லர். பல்லவ மன்னனுக்காகச் சாளுக்கியரின் வாதாபியை அழித்த சேனாதிபதி. வரலாற்றில் அது 642-ஆம் ஆண்டு. அந்தப் பரஞ்சோதிதான் படையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, அடியாருக்குச் சோறிட்ட பிறகே தாம் உண்பது என்று விரதம் பூண்டு, சிறுத்தொண்டர் ஆனார். மனைவி திருவெண்காட்டு நங்கை, ஒரே பிள்ளை சீராளன். ஒருநாள் வடக்கிலிருந்து பைரவக் கோலத்தில் ஒரு துறவி வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தாம் பசு உண்பது, அந்த நாள் இன்று என்கிறார். தொண்டருக்கு மகிழ்ச்சி, ஆடு, மாடு, எருமை மூன்றுமே வீட்டில் மந்தையாக நிற்கின்றன. துறவி கேட்டதோ மனிதப் பசு. ஐந்து வயது, உடலில் ஊனம் இருக்கக் கூடாது, குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இருவர் மனமும் உவந்து செய்ய வேண்டும்.

இதுவரை வந்தது ஒரு கொடூரமான நிபந்தனை, அவ்வளவுதான். இதற்கு அடுத்த பகுதிதான் படிக்கிறவர் வயிற்றைக் கலக்குவது. காரணம், சேக்கிழார் எதையும் மறைப்பதில்லை. கணவனும் மனைவியும் ஆலோசிக்கிறார்கள். பொன்னைக் குவித்தால் பிள்ளையை விற்பவர்கள் கிடைக்கலாம், நின்று அறுக்கிற தாய் தகப்பன் எங்கே கிடைப்பார்கள் என்று கணவர் சொல்கிறார். மனைவியிடமிருந்து அழுகை இல்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரச் சொல்கிறார். தகப்பன் தோளில் ஏறி வருகிறது பிள்ளை. தாய் தலையைக் கோதி, முகம் துடைத்து, திருத்தி விடுகிறாள். கிண்கிணி கட்டிய கால்களைத் தாய் மடியோடு இடுக்கிக்கொள்கிறாள், சிறு கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மாவும் அப்பாவும் ஏதோ பெரிய சந்தோஷத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பை எழுத வேண்டிய கட்டாயம் சேக்கிழாருக்கு இல்லை. குழந்தை மயங்கிவிட்டது என்று எழுதியிருக்கலாம், தெய்வ அருளால் வலி தெரியவில்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாம். சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் மனிதர், உலகம் தெரிந்தவர். எதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கலங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கலங்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் கதையைக் கேட்டு உங்களுக்கு நெஞ்சு பதறினால், பக்தி குறைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். கதையைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

மேலே நடந்தது இது. தலைக்கறி விருந்துக்கு ஆகாது என்று ஒதுக்கியதைத் துறவி கேட்டுவிடுவார் என்று பணிப்பெண் சந்தனத் தாதியார் முன்கூட்டியே சமைத்து வைத்திருக்கிறார். துறவி கேட்கவும் செய்கிறார். பிறகு, மகனோடு சேர்ந்துதான் உண்பேன், கூப்பிடு என்கிறார். அவன் இப்போது உதவ மாட்டான் என்று தகப்பன் சொல்ல, வெளியே போய்க் கூப்பிடு என்கிறார். கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறதைப் போலச் சீராளன் ஓடி வருகிறான். அந்த நொடியிலும் சிறுத்தொண்டரின் மகிழ்ச்சி எதற்குத் தெரியுமா? பிள்ளை கிடைத்ததற்கு அல்ல. அடியார் இனி உண்பார் என்பதற்கு. உள்ளே வந்தால் துறவி இல்லை, கறியும் இல்லை. அப்புறம்தான் உமையோடும் முருகனோடும் சிவபெருமானின் காட்சி.

“அதான் பிள்ளை திரும்பி வந்துவிட்டதே, சோதனைதானே” என்பது நம்மிடம் தயாராக இருக்கும் சமாதானம். உபந்நியாசங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எனக்கு அது போதவில்லை. திரும்பி வரும் என்று தாய்க்குத் தெரியாது. தெரியாமல்தான் காலை இடுக்கினாள். சீராளன் என்பது பிள்ளையல்ல, பாசம்; பாசத்தை அறுத்து இறைவனுக்குப் படைப்பதே தத்துவம் என்று இன்னொரு விளக்கம் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிண்கிணி கட்டிய பிள்ளையைத் தத்துவமாக்கிவிட்டால் நமக்கு நிம்மதி வருகிறதே தவிர, அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. குருக்ஷேத்திரம் மனத்துக்குள் நடக்கிற போர் என்று காந்தி கீதையைப் படித்தார். அவர் அதற்கேற்ப வாழ்ந்து காட்டினார், அதனால் அவர் வாயில் அது பொருந்தியது. நாம் அந்த விளக்கத்தைப் பெரும்பாலும் சங்கடத்திலிருந்து தப்பத்தான் பயன்படுத்துகிறோம்.

சண்டையும் இன்று தொடங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பாதிரிமார் சைவக் கதைகளைக் கேலி செய்தபோது, ஆறுமுக நாவலர் 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். அந்த நூலை வரிவரியாக அறிந்தவர். உங்கள் வேதத்திலும் பலியும் தூபமும் ஆலயச் சடங்கும் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். வாதத்துக்கு அது பலமான பதில். அதற்கு 2 ஆண்டு முன்னால் பெரியபுராணத்தை எல்லாருக்கும் புரியும் வசனமாக அச்சிட்டவரும் அவர்தான். 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணாதுரை மேடை ஏறினார். சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் செய்தார்கள். ‘தீ பரவட்டும்’ என்று அது புத்தகமாகவும் வந்தது. தமிழில் இவ்வளவு தரமான சண்டை அதற்குப் பிறகு அதிகம் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும், கொளுத்தச் சொன்னவரிடமும் காக்கச் சொன்னவர்களிடமும் கோவைத் தாய்க்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர் நம்புகிறவர். புத்தகமும் வேண்டும், பிள்ளையும் வேண்டும்.

அதனால் வாதிகளை விட்டுவிட்டு, இந்தக் கதையோடு பல நூற்றாண்டாகக் குடித்தனம் நடத்தி வந்த பக்தர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். அங்கேதான் விஷயம் கிடைத்தது.

முதலில் சுந்தரர். திருத்தொண்டத்தொகையில் சண்டேசரைச் சொல்லும்போது தகப்பனின் காலை மழுவால் எறிந்ததை மறக்காமல் சொல்கிறார். சிறுத்தொண்டர் என்று வரும்போது செங்காட்டங்குடிக்காரர் என்ற அளவோடு கும்பிட்டு நகர்ந்துவிடுகிறார். சம்பந்தர் அந்த ஊருக்கே போய்ப் பாடிய பதிகத்திலும் சிறுத்தொண்டரின் பெயர் வருகிறது, அவர் செய்யும் பணி வருகிறது, பிள்ளைக்கறி வரவில்லை. கதை பிற்காலத்தது என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. சொல்லாததை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது. ஒரு மனிதரை நாயன்மாராகக் கும்பிட அவர் பிள்ளையை அறுத்த செய்தி தேவைப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அவர் நாள்தோறும் இட்ட சோறு போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்தது தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் காலத்தில், அதாவது சேக்கிழாருக்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்னால், கோயில் நிர்வாகத்திலிருந்த ஓர் அதிகாரி அங்கே செப்புத் திருமேனிகள் செய்து கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதில் சிறுத்தொண்டர் உண்டு, திருவெண்காட்டு நங்கை உண்டு, சீராளரும் உண்டு. பிள்ளைக்கும் தனித் திருமேனி, தனிப் பூசை. பெற்றோரின் பெருமைக்குக் கருவியாக வந்து மறைந்துபோகிற பிள்ளையாக அவனை அந்தக் காலத்துப் பக்தர்கள் நினைக்கவில்லை.

மூன்றாவது, நம் கட்டுரையில் வந்த அதே திருச்செங்காட்டங்குடி. சித்திரை பரணியில் நடக்கும் அமுது படையலுக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை இல்லாத தம்பதிகள். மூலிகை சேர்த்துச் செய்த பிரசாதத்தைச் ‘சீராளங்கறி’ என்று வாங்கிச் சாப்பிட்டு, பிள்ளை வரம் கேட்கிறார்கள். பிள்ளையைக் கொடுத்த கதையை, பிள்ளையைக் கேட்கிற திருவிழாவாக ஊர் மாற்றி வைத்திருக்கிறது. எந்த மடாதிபதியும் உட்கார்ந்து தீர்மானித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதையின் பாரத்தை இறக்கி வைக்க ஏழை எளிய சனங்கள் தாமாகக் கண்ட வழி. எங்கள் கட்டுரை இதைத்தான் நாலு பத்தி விரித்து எழுதியிருக்க வேண்டும், மேளக்காரர் பட்டியலைக் குறைத்துக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குத் துணையாகத் தெரிந்தவர் பட்டினத்தார். காளத்தி நாதரைப் பற்றி அவர் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். வாளெடுத்துப் பிள்ளையை அறுத்து ஊட்ட எனக்குத் திராணியில்லை, மனைவி சொன்ன ஒரு ஆணைக்காக இளமையைத் துறக்கவும் திராணியில்லை, ஆறே நாள் பழக்கத்தில் கண்ணைப் பிடுங்கி அப்பவும் திராணியில்லை, பிறகு நான் எப்படி உனக்கு ஆளாவது என்று கேட்கிறார். சிறுத்தொண்டர், திருநீலகண்டர், கண்ணப்பர் மூவரையும் கும்பிட்டுக்கொண்டே, என்னால் ஆகாது என்று சொல்லிவிடுகிறார். எல்லாம் துறந்தவர், மறுபடி பிறக்காமல் இருக்க வழி தேடியவர், இதைச் சொல்கிறார். சொன்னதோடு காளத்தியை விட்டு எழுந்து போய்விடவுமில்லை. அதே சந்நிதியில் நின்றுகொண்டுதான் சொல்கிறார். அவரே சொன்ன பிறகு, விளக்கை அணைத்த தாய் எதற்குக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும்?

வாதாபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது என் சொந்த வாசிப்பு. சேக்கிழார் தலையில் கட்ட மாட்டேன். பரஞ்சோதியின் படை ஒரு பெரிய நகரத்தைப் பொடியாக்கியதைப் புராணம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. யானையும் குதிரையும் மணியும் வந்து சேர்ந்த கணக்கு இருக்கிறது. அந்த நகரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நூலில் ஒன்றுமில்லை. வெற்றிக் கதை எதிலும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட சேனாதிபதியின் வீட்டு வாசலில் வந்து, ஒரே ஒரு பிள்ளையை, உன் பிள்ளையை, உன் கையால் என்று கேட்கிறார் வந்தவர். போர்க்களத்தில் தூரத்தில் நடந்தது இப்போது மடியில் நடக்கிறது. இதை வைத்துக் கடவுள் செய்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கதையை இனி எப்போது படித்தாலும் எனக்கு வாதாபியும் ஞாபகம் வரும், அதனால் சொன்னேன்.

இனி, கடிதங்கள் கேட்காத ஒன்று. சைவ சித்தாந்தத்தில் இதற்கு முறையான பதில் இருக்கிறது. சிவஞான சித்தியார் சொல்வதன் சாரம்: அரனிடம் அன்புள்ளவர் செய்வது பாவமாகத் தெரிந்தாலும் அறமாகிவிடும், அன்பில்லாதவர் செய்யும் புண்ணியமும் பாவமாகிவிடும். தக்கன் செய்த வேள்வி அழிந்தது, சண்டேசர் தகப்பனை வெட்டியது பதவியாயிற்று. சாத்திரம் என்ற அளவில் இதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு போதாது. பத்திரிகைக்காரன் என்ற அளவில் பயமாக இருக்கிறது. மெய்யன்பர் யார் என்று தீர்ப்பு எழுதுவது யார்? கையில் கத்தி வைத்திருப்பவரே எழுதிக்கொண்டால்?

கோட்புலி நாயனார் கதையைப் பாருங்கள். இவரும் சேனாதிபதி; நாட்டியத்தான்குடிக்காரர். இறைவன் அமுதுக்கென்று நெல்லைக் கட்டி வைத்துவிட்டுப் போருக்குப் போகிறார். பஞ்சம் வருகிறது. பட்டினி தாங்காத சுற்றத்தார், பிறகு திருப்பி அளந்துவிடலாம் என்று அந்த நெல்லை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். திரும்பி வந்தவர், தகப்பன், தாய், உடன்பிறந்தார், மனைவி என்று அத்தனை பேரையும் வெட்டுகிறார். கடைசியில் ஒரு கைக்குழந்தை மிஞ்சுகிறது. அருகே நின்ற ஏவலாள் கெஞ்சுகிறான்: இது அந்தச் சோற்றை உண்ணவில்லை, குடிக்கு ஒரே பிள்ளை, இதை விட்டுவிடுங்கள். அந்த நெல்லைத் தின்றவளின் பாலைக் குடித்ததே என்று சொல்லி, குழந்தையையும் துணித்துவிடுகிறார் கோட்புலியார். இறைவன் தோன்றி, உன் வாளால் பட்டவர்கள் மேலுலகம் சேர்வார்கள் என்கிறார். யாரும் உயிரோடு எழுந்து வரவில்லை.

இந்தக் கதையை நான் விழுங்க முயல்வதில்லை. ஆனால் அந்த ஏவலாளை விட மாட்டேன். கதைக்கு அவன் தேவையே இல்லை. அவன் இல்லாமலே கதை ஓடும். ஆனாலும் சேக்கிழார் அவனுக்கு வாய் கொடுத்து, குழந்தைக்காகப் பேச விட்டிருக்கிறார். பேசியது பலிக்கவில்லை, பதிவாகியிருக்கிறது. நம்முடைய கூச்சம் வெளியிலிருந்து, பகுத்தறிவுப் பத்திரிகையிலிருந்து, இங்கிலீஷ் படிப்பிலிருந்து வந்ததல்ல. நூலுக்குள்ளேயே ஓர் ஆள் நின்று கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். படிக்கிற நாம் அவன் பக்கத்தில் போய் நிற்கலாம். நாயனாரின் திருவடியைக் கும்பிடுவதற்கு அது தடையில்லை.

நம் கிறிஸ்தவ வாசகர்களுக்கு இந்த இடம் புதிதாக இராது. ஆபிரகாமின் கத்தி ஈசாக்கின் மேல் விழும்முன் தடுக்கப்பட்டது என்று ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. இசுலாமிய நண்பர்கள் அந்தத் தியாகத்தை நினைத்துத்தான் பக்ரீத் கொண்டாடுகிறார்கள். அதே விவிலியத்தில் நியாயாதிபதிகள் 11-இல் யெப்தாவின் மகள் வருகிறாள். போரில் வென்றால் வீட்டிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று தகப்பன் நேர்ந்துகொள்கிறான். தம்புரு அடித்து ஆடிக்கொண்டு ஒரே மகள் வருகிறாள். அவளுக்காக எந்தக் குரலும் வானத்திலிருந்து கேட்கவில்லை. அவள் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. ஆனால் இஸ்ரவேல் பெண்கள் வருஷந்தோறும் நாலு நாள் அவளுக்காகத் துக்கம் கொண்டாடும் வழக்கம் உண்டானது என்று அந்த அதிகாரம் முடிகிறது. இந்த வழக்கத்தைத் தொடங்கிய பெண்கள் யாரோ, அவர்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வந்தவாசிப் பக்கமிருந்து ஒரு சமண வாசகர் எழுதியதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நம் பத்திரிகையை அவர் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறார்களாம். “பிள்ளைக்கறிக்கு இவ்வளவு பேர் பொங்குகிறார்கள். மதுரையில் எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றிய கதையைச் சம்பந்தர் வரலாற்றில் நீங்கள் எத்தனை முறை போட்டிருப்பீர்கள்? அப்போது ஒரு கடிதமும் வந்திருக்காதே?” என்று கேட்கிறார். வந்ததில்லை.

இது வேறு வகை வன்முறை. சிறுத்தொண்டர் அறுத்தது தம் உயிரை. பிள்ளையின் உயிர் தகப்பனுடையதல்ல என்று இன்றைக்கு நாம் சொல்வோம், சரிதான். என்றாலும் இழப்பு அவருடையது. கழுவேறியவர்களோ எதிர்த்தரப்பு. அங்கே யார் கூப்பிட்டும் யாரும் ஓடி வரவில்லை. வாதில் தோற்றால் கழுவேறச் சமணரே ஒப்புக்கொண்டார்கள் என்று புராணம் சொல்கிறது. சம்பந்தருக்கு அவர்கள்மேல் பகை கிடையாது, ஆனாலும் மடத்துக்குத் தீ வைத்தவர்கள் என்பதால் அவர் தடுக்காமல் இருந்தார் என்றும் சொல்கிறது. அந்த ‘ஆனாலும்’ கவனிக்க வேண்டியது. சேக்கிழாருக்கே இங்கே ஒரு விளக்கம் கொடுத்தாக வேண்டும் என்று பட்டிருக்கிறது.

இது நடந்ததா? சமணரைச் சாடிப் பதிகத்துக்குப் பதிகம் பாடிய சம்பந்தர் கழுவேற்றத்தைப் பாடவில்லை. இது வெறும் கசப்பான கட்டுக்கதை, வரலாறாகக் கொள்ளக் கூடாது என்பது வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் முடிவு. மதுரையை அடுத்த சமணர் மலையிலும், தெற்கே கழுகுமலையிலும் சம்பந்தர் காலத்துக்குப் பிந்தைய சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் நிறைய இருக்கின்றன; பாண்டிய நாட்டில் சமணம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. இதையெல்லாம் சொல்லி, நடக்கவில்லை ஐயா, விடுங்கள் என்று வந்தவாசி நண்பருக்குப் பதில் எழுதலாம். அவர் கேட்டது அதையல்ல. நடந்ததோ இல்லையோ, நடந்ததாகச் சொல்லி நாம் கோயில் சுவரில் வரைந்தோம், விழாவில் நடித்துக் காட்டினோம், கதாகாலட்சேபத்தில் கைதட்டினோம். கதை கற்பனையாக இருக்கலாம், கைதட்டல் நிஜம். சமணர்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது, ஆரணியிலும் வந்தவாசியிலும் சுற்று ஊர்களிலும் தமிழ் பேசி, நெல் விளைவித்து, இரவில் உண்ணாமல் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதையை எப்படிச் சொல்வீர்கள்? நான் இதற்குமேல் வெற்றிக் கதையாக இதை அச்சிட மாட்டேன். சம்பந்தரின் தமிழுக்கு அதனால் ஒரு குறைவும் வராது.

நெல்லையிலிருந்து வந்த கடிதம் ஒன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை. போன வருடம் மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர் ஆறுதலாக நினைத்து, சிறுத்தொண்டர் பிள்ளையையே கொடுக்கவில்லையா என்று சொன்னாராம். “அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்” என்று எழுதி, அதோடு நிறுத்தியிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கதையை அங்கே கொண்டுபோகாதீர்கள். அது ஆறுதல் சொல்ல எழுதப்பட்ட கதையே அல்ல. திருவெண்காட்டு நங்கையிடமே யாரும் ஆறுதல் சொன்னதாகப் புராணத்தில் இல்லை. நெல்லை நண்பரே, நீங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும், வீட்டில் விளக்கு மட்டும் மனைவி ஏற்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது இரண்டுக்கும் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கோவைத் தாய்க்கு நான் எழுதியது இவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளையை அறுத்த கதை வேண்டாம். கண்ணப்பரையே இன்னும் நூறு தடவை சொல்லுங்கள். அவன் பத்தாவது படிக்கும்போது தானாகவே இந்தக் கதையை எங்காவது படித்துவிட்டு வந்து, ‘அம்மா, இது என்ன?’ என்று கேட்பான். அப்போது சோதனை என்றோ தத்துவம் என்றோ சொல்லி அனுப்பிவிடாமல், எனக்கும் இது தாங்க முடியாத கதைதான் என்று சொல்லிவிட்டு, பட்டினத்தார் பாட்டைக் காட்டுங்கள். கோட்புலியார் வீட்டு ஏவலாளைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பரணிக்குத் திருச்செங்காட்டங்குடி அழைத்துப் போங்கள். திருமருகலுக்குப் பக்கம்தான், இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சம்பந்தர் ஒரே பதிகம் பாடியிருக்கிறார். அவன் கோபப்பட்டால் படட்டும். பெரியபுராணம் அந்தக் கோபத்தைத் தாங்கும். 1943-இல் தீ வைக்கச் சொன்னதையே தாங்கிய நூல் அது.

ஆனி இதழில் இந்தப் பேச்சை வாசகர் பக்கத்தில் தொடரலாம் என்று இருக்கிறோம். வந்தவாசி நண்பரிடம், சமண வீடுகளில் மதுரைக் கதையைப் பெரியவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதித் தரக் கேட்டிருக்கிறேன்; ஒப்புக்கொண்டிருக்கிறார். அமுது படையலுக்குப் போய்ப் பிரசாதம் வாங்கி வந்தவர்கள், பிள்ளை பிறந்தவர்கள் மட்டுமல்ல பிறக்காதவர்களும், எழுதுங்கள். திட்ட நினைப்பவர்களும் எழுதலாம். ஒரு தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அச்சுக் கோப்பதற்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்